பரண் மேல தூங்குது ஒரு ஷூ!

உங்க வீட்டுப் பரண் மேலயோ, கட்டிலுக்கு அடியிலயோ ஒரு ஷூ தூங்கிட்டு இருக்கும் பாருங்க. ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டேக்காக அப்பாகிட்ட அடம்பிடிச்சு வாங்கினது. அப்புறம் ப்ளஸ் டூ, கவுன்சலிங், காலேஜ், அரியர்னு வாழ்க்கை வேற ட்ராக்ல ஓடிடுச்சு. இப்ப திடீர்னு ஒரு ஞானோதயம். மூணாவது மாடி க்ளாஸுக்கு ஏறினா மூச்சு வாங்குது. சட்டையை இன் பண்ணினா தொப்பை எட்டிப் பார்க்குது. 'மச்சி, நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு ஓடறோம்டா'ன்னு ஃப்ரெண்டுக்கு மெசேஜும் தட்டியாச்சு.

ஒரு நிமிஷம் பாஸ்! முதல்ல அந்தப் பழைய ஷூவைக் கீழ இறக்குங்க. அடிப்பாகத்தைக் கட்டை விரலால நல்லா அழுத்துங்க. பொலபொலன்னு மாவு மாதிரி உதிருதா? அப்படின்னா அது பாலியூரித்தேன் சோல். காத்துல இருக்கிற ஈரம் அந்தப் பிளாஸ்டிக்கோட இணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சுடும். போட்டு ஓடினாத்தான் தேயும்னு இல்ல, சும்மா டப்பாவுல கிடந்தாலே இது நடக்கும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலுக்கு நாலு தெரு தள்ளி வீடு இருந்தா கேட்கவே வேணாம். வருஷம் முழுக்க ஈரக் காத்துதான்.

உதிரலைன்னா, அநேகமா அது ஈ.வி.ஏ.ங்கிற நுரை. ரன்னிங் ஷூ நிறையதுல இதுதான் இருக்கு. குட்டிக் குட்டி காத்துப் பைகள் அடைச்ச ஸ்பான்ஜ்னு வெச்சுக்கங்க. இது உதிராது, ஆனா நாளாக நாளாக இறுகிடும். பார்க்க புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும், உள்ளே கட்டை. மேல் துணியையும் சோலையும் ஒட்டின பசை வேற விட்டிருக்கும். நுனியைப் பிடிச்சு லேசா பிரிச்சுப் பாருங்க, வாயைத் திறந்துச்சுன்னா முடிஞ்சது கதை. அதைப் போட்டு மார்க்கெட்டுக்குப் போகலாம். ஓட வேணாம்.

சரி, புதுசு வாங்கணும். எவ்வளவு நாள் தாங்கும்? பொதுவா ஒரு ரன்னிங் ஷூவுக்கு 500-ல இருந்து 800 கிலோமீட்டர் வரைன்னு கணக்கு சொல்லுவாங்க. வாரத்துக்கு நாலு நாள், நாளுக்கு 3 கிலோமீட்டர்னா வாரம் 12 கிலோமீட்டர். 500-ஐ 12-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 42 வாரம். அதாவது ஒரு காலேஜ் வருஷம் முழுக்க ஓடும். பாக்கெட் மணியில ஷூ வாங்குற நமக்கு இந்தக் கணக்கு முக்கியம். அதே ஷூவைக் காலேஜுக்கும், கிரிக்கெட்டுக்கும், பஸ் ஸ்டாண்டுக்கும் போட்டீங்கன்னா இந்த ஆயுசு பாதியிலயே போயிடும்.

இப்ப கடைக்குள்ள போவோம். உள்ளே நுழைஞ்சதும் ஒரு சேல்ஸ் அண்ணன் உங்க பாதத்தை டாக்டர் மாதிரி உத்துப் பார்ப்பார். 'தம்பி, உங்களுக்கு ஃப்ளாட் ஃபுட்டு. சாதா ஷூ போட்டா முட்டி போயிடும். இந்த சப்போர்ட் மாடல் எடுத்துக்கங்க'ன்னு ரேட்டை ரெண்டு மடங்கு ஏத்திடுவார். ஈரக் காலைத் தரையில வெச்சு அச்சுப் பார்க்குற டெஸ்ட்டும் இதே ரகம்தான். ரொம்ப வருஷமா உலகம் முழுக்க இதை நம்பிட்டுத்தான் இருந்தாங்க. ஆனா சோதிச்சுப் பார்த்தப்போ கதை வேற மாதிரி வந்துச்சு.

அமெரிக்க ராணுவத்துல புதுசா சேர்ந்த ஆளுங்களை ரெண்டு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு அவங்கவங்க பாத வளைவுக்கு ஏத்த ஷூ. இன்னொரு குழுவுக்கு, வளைவைப் பத்தி யோசிக்காம எல்லாருக்கும் ஒரே ரகம். தரைப்படை, விமானப்படை, மரைன்னு மூணு இடத்துலயும் செஞ்சு பார்த்து 2009, 2010-ல ரிசல்ட் வெளியிட்டாங்க. காயம் ஆகறதுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல! டென்மார்க்ல புதுசா ஓட ஆரம்பிச்ச 927 பேருக்கு ஒரே மாதிரி சாதா ஷூ கொடுத்து ஒரு வருஷம் கவனிச்சாங்க. 2014-ல வந்த அந்த ஆய்வுலயும், பாதம் உள்பக்கமா சாயறவங்களுக்கு மட்டும் அதிகமா அடிபட்டுச்சுன்னு எதுவும் இல்ல. ஏற்கெனவே வலி, ஆபரேஷன்னு பிரச்னை இருக்கிறவங்க டாக்டரைப் பாருங்க, அது வேற. மத்தபடி 'ஃப்ளாட் ஃபுட்டு'ன்னு பயமுறுத்தினா சிரிச்சுட்டு அடுத்த ஷூவை எடுங்க.

அப்புறம் எதைப் பார்த்துதான் வாங்கறது? கனடாவுல கால்கரி பல்கலைக்கழகத்துல பென்னோ நிக்-னு ஒரு பேராசிரியர், வாழ்நாள் முழுக்க ஷூவையும் ஓட்டத்தையும் ஆராய்ச்சி பண்ணினவர். 2015-ல அவர் குழு சொன்னது ரொம்ப சிம்பிள்: போட்டதும் எது காலுக்கு சுகமா இருக்கோ, அதான் உங்க ஷூ. 'இதைச் சொல்ல பேராசிரியர் வேணுமா?'ன்னு கேட்காதீங்க. இதுவும் நூறு சதவிகிதம் நிரூபணம் ஆன சட்டம் இல்லதான். ஆனா இதைவிட நல்ல அளவுகோல் எந்தக் கடையிலயும் கிடையாது.

இந்த சுகத்துல நமக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. அதைக் கண்டுபிடிச்சதும் நம்ம ஊர்தான்! அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்கள்ல 1,01,880 பேரோட பாதத்தை அளந்துச்சு. ரிசல்ட்? வெளிநாட்டுக்காரங்க பாதத்தைவிட நம்ம பாதம் அகலம். ஆனா கடையில இருக்கிற ஷூவெல்லாம் இங்கிலாந்து, ஐரோப்பா, அமெரிக்க அளவுல வர்றது. அகலம் பத்தலைன்னு நாம என்ன பண்றோம்? ஒரு நம்பர் பெருசா எடுக்கறோம். இப்ப அகலம் சரியா இருக்கு, நீளம் ஜாஸ்தி. உள்ளே குதிகால் டான்ஸ் ஆடுது. ஆடாம இருக்க லேஸை இறுக்கிக் கட்டறோம், பாதத்து மேல வலி. ஸ்கூல்ல இருந்து ஷூன்னாலே கடிக்கும்னு நினைச்சுட்டு இருந்தோமே, காரணம் இதுதான்! இந்த அளவெடுப்பை வெச்சு இந்தியாவுக்குன்னே 'பா'ங்கிற பேர்ல ஒரு புது சைஸ் முறையையும் தயார் பண்ணினாங்க. 'பாரத்'தோட முதல் எழுத்து.

அதனால நம்பரைச் சொல்லி ஷூ கேட்காதீங்க. சாயங்காலமா கடைக்குப் போங்க, நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடப்போற சாக்ஸையே கொண்டு போங்க. ரெண்டு காலும் ஒரே அளவு இருக்காது, பெரிய காலுக்குத்தான் பார்க்கணும். நின்னுட்டு அழுத்தினா நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கணும். பக்கவாட்டுல துணி பிதுங்கக் கூடாது. உள்ளே இருக்கிற அட்டையை வெளியே எடுத்து அது மேல ஏறி நில்லுங்க. உங்க பாதம் அட்டையைத் தாண்டி வழிஞ்சா, அந்த ஷூ எவ்வளவு அழகா இருந்தாலும் வேணாம். அப்புறம் கடைக்குள்ளயே பத்து அடி ஓடிப் பாருங்க. எல்லாரும் பார்ப்பாங்க. பார்க்கட்டும்! குதிகால் லேசா ஏறி இறங்குதுன்னா மேல கடைசியா ஒரு எக்ஸ்ட்ரா ஓட்டை இருக்கும் பாருங்க, யாரும் லேஸ் கோர்க்காத அந்த ஓட்டை. அதுல கோர்த்துக் கட்டினா குதிகால் நகராது. 'போடப் போட லூஸ் ஆகிடும்'னு சேல்ஸ் அண்ணன் சொல்றது லெதர் செருப்புக்குச் சரி. ரன்னிங் ஷூவுக்கு முதல் நாளே சரியா இருக்கணும்.

பொண்ணுங்களுக்குக் கூடுதலா ஒரு விஷயம். லேடீஸ் மாடல்ங்கிறது பல நேரம் அதே ஷூவைக் கொஞ்சம் ஒல்லியாக்கி, பிங்க் அடிச்சதுதான். இறுக்கமா இருந்தா தயங்காம ஜென்ட்ஸ் ரேக்ல உங்க அளவைத் தேடுங்க. கால்ல போட்டுட்டு ஓடும்போது யாரும் ஸ்டிக்கரைப் படிக்கப் போறதில்ல.

'அந்தக் காலத்துல நாங்கல்லாம் வெறுங்கால்லதான் ஓடினோம்'னு வீட்டுல ஒரு பெரியப்பா கண்டிப்பா சொல்லுவார். அவருக்கு எத்தியோப்பியாவோட அபெபே பிகிலா கதையைச் சொல்லுங்க. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தான். கிடைச்ச ஷூ எதுவும் காலுக்குச் சரியா உட்காரல. மனுஷன் பழகின மாதிரி வெறுங்கால்லயே ஓடி, 2 மணி 15 நிமிஷம் 16 விநாடியில தங்கம் அடிச்சார். பெரியப்பா இங்க கை தட்டுவார். அடுத்த ஒலிம்பிக், 1964 டோக்கியோ. இந்தத் தடவை காலுக்கு ஏத்த ஷூ. 2 மணி 12 நிமிஷம் 11 விநாடி, மறுபடியும் தங்கம்! பொருந்தாத ஷூவுக்கு வெறுங்கால் மேல். பொருந்தற ஷூ கிடைச்சா போட்டுக்கறதுல தப்பே இல்ல. தவிர, லாரியில இருந்து விழற நட்டும் போல்ட்டும், பாட்டில் சில்லும் கிடக்கிற நம்ம ரோட்டுல வெறுங்கால் எல்லாம் வேலைக்கு ஆகாது பெரியப்பா.

பிளாட்பாரத்துல சில நூறு ரூபாய்க்கு 'ஃபர்ஸ்ட் காப்பி' கிடைக்குதே? லோகோ அச்சு அசலா இருக்கும். உள்ளே நுரை இருக்கணுமே! அட்டையும் ரப்பரும்தான். அந்தக் காசுக்குக் கொஞ்சம் சேர்த்து, பெயர் பெருசா இல்லாட்டியும் நிஜமான ரன்னிங் ஷூ ஒண்ணு எடுக்கலாம். ஆரம்பிக்கிறவங்களுக்கு கம்பெனியோட அடிமட்ட மாடலே போதும். உள்ளே கார்பன் தகடு வெச்ச சூப்பர் ஷூக்களைப் பார்த்து ஏங்காதீங்க. 2020-ல உலக தடகள சங்கமே தலையிட்டு, ரோடு ரேஸ் ஷூவோட சோல் 40 மி.மீ.க்கு மேல இருக்கக் கூடாது, ஒரு தகடுக்கு மேல வைக்கக் கூடாதுன்னு ரூல் போடற அளவுக்குப் போன சமாச்சாரம் அது. நாம ஓடப்போறது கிழக்கு மாடா வீதி. ஒரு ஆச்சரியம் மட்டும் சொல்லிடறேன். பேசின் பிரிட்ஜ், திருவொற்றியூர், எண்ணூர் வழியா சூளூர்பேட்டை போற லோக்கல் ட்ரெயின் தடாவைத் தாண்டித்தான் போகுது. அந்தத் தடா பக்கத்துலதான் அடிடாஸுக்கு ஷூ தைக்கிற தொழிற்சாலை இருக்கு. நைக்கிக்கு செய்யாறுல. உலகமே போட்டு ஓடற ஷூ நம்ம பக்கத்து ஊர் அக்காங்க கையால ஆனது!

ஷூ ரெடி. எங்கே ஓடறது? சவுத் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. மெரினா, பெசன்ட் நகர், ஈ.சி.ஆர்.னு அள்ளிக் கொடுத்திருக்கு. பெரிய மாரத்தான்கள் நேப்பியர் பாலத்துல ஆரம்பிச்சாலும் முகத்தைத் தெற்கே திருப்பிட்டுப் போயிடுது. நமக்கும் அதே கடல்தான். ஆனா ஓட மணல் எங்கே?

சிவில் டிபார்ட்மென்ட் ஃப்ரெண்டைக் கேட்டா சொல்லுவான். நம்ம கரையோரமா கடல் மணலைத் தெற்கே இருந்து வடக்கே தள்ளிட்டே இருக்கும். நடுவுல துறைமுகத்தோட தடுப்புச் சுவரைக் கட்டினாங்க. 1881-ல இருந்து இயங்கற துறைமுகம் அது. தெற்கே இருந்து வந்த மணல் சுவர்ல முட்டி நின்னு மெரினாவா விரிஞ்சுச்சு. வடக்கே வர வேண்டிய மணல் வரல. கடல் நம்ம பக்கத்துக் கரையைத் தின்ன ஆரம்பிச்சுது. வீடுங்க போச்சு, தெருங்க போச்சு. அதைத் தடுக்கத்தான் காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் கருங்கல்லும், கடலுக்குள்ள நீட்டிட்டிருக்கிற தூண்டில் வளைவுகளும். அவங்க மணல்ல ஓடறதும், நாம கல்லைப் பார்த்துட்டு நிக்கிறதும் ஒரே சுவரோட ரெண்டு பக்கம். ஓட இடம் கேட்கிறப்போ இந்தக் கணக்கையும் சேர்த்துக் கேட்கலாம், தப்பில்ல.

அதுவரைக்கும்? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கடல் காத்து சூப்பரா இருக்கும், ஆனா ட்ரெய்லரும் கன்டெய்னர் லாரியும் வரிசை கட்டி நிக்கும். அங்க ஓடாதீங்க. வேற வழியே இல்லாம ரோட்டுல ஓடினா, வண்டி எதிர்ல வர்ற பக்கமா ஓடுங்க, வெளிர் கலர் டி-ஷர்ட் போடுங்க, காதுல பாட்டு வேணாம். ரோடு நடுவுல உயர்ந்து ஓரத்துல சரிஞ்சிருக்கும். எப்பவும் ஒரே ஓரத்துல ஓடினா ஒரு கால் மட்டும் பள்ளத்துல ஓடற மாதிரி. உள் தெரு சுத்து, ஸ்கூல் கிரவுண்ட், காலேஜ் கிரவுண்ட் பெஸ்ட். ராயபுரத்துக்காரங்களுக்கு ராபின்சன் பூங்கா இருக்கு. 1949-ல மழையோட மழையா தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த அதே பூங்கா. சின்னதுதான், ஆனா சுத்தி சுத்தி வர தடை இல்ல. விடியறதுக்கு முன்னாடி தனியா ஓடச் சங்கடமா இருக்கிற பொண்ணுங்க ரெண்டு மூணு பேரா சேர்ந்து கிரவுண்ட்ல ஓடறதுதான் நடைமுறை. தெரு விளக்கு ஒழுங்கா எரிஞ்சா இந்த வரியை எழுதவே வேண்டியிருக்காது.

காத்தைப் பத்திப் பேசாம நம்ம ஏரியாவுல ஓட்டத்தைப் பத்திப் பேச முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு ஆறு, ஏழு லிட்டர் காத்து உள்ளே போகும். வேகமா ஓடினா அது பத்து மடங்கு ஆகும், அதுவும் பெரும்பாலும் வாய் வழியா. மூக்கோட வடிகட்டி அவுட்! 2023 டிசம்பர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் ஆத்துல எண்ணெய். அது அடங்கறதுக்குள்ள 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலையோட கடலடிக் குழாய்ல அமோனியா கசிஞ்சு, ஜனங்க பாதித் தூக்கத்துல ஓடினாங்க. அது எந்த ஷூவும் போடாத ஓட்டம்.

மணலியிலயும் ராயபுரத்துலயும் காத்தை அளக்கற நிலையங்கள் இருக்கு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட 'சமீர்' ஆப்ல அந்த நம்பர் வரும். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாருங்க. 100-க்குள்ள இருந்தா ஓடலாம். 200-ஐத் தாண்டினா அன்னைக்கு வீட்டுக்குள்ள ஸ்குவாட்ஸ் போதும். நெடி அடிச்சா, கண் எரிஞ்சா ஆப்பையே பார்க்க வேணாம், திரும்பிடுங்க. மார்கழி, தை மாசத்து விடியல்ல குளிர்ந்த காத்து தரையோட படுத்துக்கும், புகையும் கூடவே படுத்துக்கும். போகி அன்னைக்கு லீவு! வீசிங் இருக்கிறவங்க இன்ஹேலரைப் பாக்கெட்ல வெச்சுக்காம கிளம்பாதீங்க.

இப்ப மெயின் மேட்டர். எவ்வளவு ஓடறது? ஓட்டத்தை விட்டா ரெண்டு, நாலு வாரத்துலயே ஸ்டாமினா இறங்க ஆரம்பிக்கும். ஆனா திரும்ப ஆரம்பிச்சா ஏறவும் செய்யும். மூணு வாரத்துல மூச்சு செட் ஆகிடும். 'ஆஹா, பழைய ஆள் திரும்பிட்டான்டா'ன்னு தோணும். ஆபத்தே அங்கதான்! மூச்சு வாரக் கணக்குல பழகும். தசைநாரும் எலும்பும் மாசக் கணக்குல. ஒவ்வொரு எட்டுலயும் உங்க எடையைப் போல ரெண்டு, மூணு மடங்கு அடி கால்ல விழுது. இன்ஜின் புதுசு, சேஸிஸ் பழசுன்னா என்ன ஆகும்? மெக்கானிக்கல் பசங்களுக்குச் சொல்லவே வேணாம்.

2025-ல வந்த ஒரு ஆய்வு இதைத் தெளிவா காட்டுச்சு. 5,205 பேரோட ஓட்டத்தை வாட்ச் டேட்டாவை வெச்சு கவனிச்சாங்க. வாரக் கணக்கை ஏத்தினதைவிட, ஒரே நாள்ல திடீர்னு நீளமா ஓடினதுதான் அடியைக் கொண்டு வந்துச்சு. கடைசி ஒரு மாசத்துல நீங்க ஓடின அதிகபட்ச தூரம் எதுவோ, அதைவிட பத்து சதவிகிதத்துக்கு மேல ஒரே ஓட்டத்துல தாண்டினா ரிஸ்க் ஏறுது. ஃப்ரெண்ட்ஸ் உசுப்பேத்தி, 2 கிலோமீட்டர் ஆள் ஞாயித்துக்கிழமை 5 ஓடறதுதான் கிளாஸிக் கேஸ்.

முதல் வாரம் ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை, மொத்தம் இருபது நிமிஷம். வாரத்துக்கு மூணு நாள், நடுவுல ஒரு நாள் ரெஸ்ட். பக்கத்துல ஓடறவன்கிட்ட முழு வாக்கியம் பேச முடியணும், ஒத்தை வார்த்தையா வந்தா வேகம் ஜாஸ்தி. அடுத்தடுத்த வாரம் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைங்க. ரெண்டு, மூணு மாசத்துல நிறுத்தாம அரை மணி நேரம் ஓடுவீங்க. கேட்க மொக்கையா இருக்கும். நடுவுல நடக்கறதைப் பார்த்து டீக்கடையில ரெண்டு பேர் கமென்ட் அடிப்பாங்க. அடிக்கட்டும்.

போலீஸ் செலக்‌ஷனுக்கு ரெடியாகற தம்பிங்க இந்த ஸ்பீடைப் பார்த்துக் கொதிப்பீங்கன்னு தெரியும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுல ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிஷம். பெண்களுக்கு 400 மீட்டர், ரெண்டரை நிமிஷம். 1500-க்கு 7 நிமிஷம்னா ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிஷம் 40 விநாடி. சும்மா உட்கார்ந்திருந்த ஆள் ஒரு மாசத்துல எட்டற வேகம் இல்ல. எழுத்துத் தேர்வு ரிசல்ட் வந்த அப்புறம் ஆரம்பிக்கிறவங்கதான் அவசரத்துல தினமும் ஃபுல் ஸ்பீடுல ஓடி, கெண்டைக்காலுக்கு முன்னாடி எலும்புல வலியோட ஃபிசிகலுக்குப் போய் நிக்கிறாங்க. அப்ளிகேஷன் போடற அன்னைக்கே ஒரு நிமிஷ ஓட்டத்தை ஆரம்பிச்சுடுங்க. வேகத்தைக் கடைசி ஆறு வாரத்துக்கு வெச்சுக்கலாம், அதுவும் வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டு நாள்தான்.

அந்த முன்னங்கால் வலியைக் கொஞ்சம் கவனிங்க. எலும்பு நெடுக பரவலா வலிச்சு, ரெண்டு நாள் ரெஸ்ட்ல குறைஞ்சா தூரத்தைக் குறைச்சுக்கிட்டுத் தொடரலாம். ஒரே ஒரு இடத்துல, விரல் நுனியால தொட்டுக் காட்டற மாதிரி சுருக்குன்னு வலிச்சா, நடக்கும்போதும் ராத்திரி படுக்கும்போதும் வலிச்சா, அது எலும்புல விழுந்த மெல்லிய விரிசலா இருக்கலாம். தைலம் தேய்ச்சு, கிரேப் பேண்டேஜ் கட்டிட்டு ஓடினா விரிசல் முறிவாகும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு. எலும்பு ஓ.பி.யில ஒரு சீட்டு போடுங்க. ஆரம்ப நாள்ல எக்ஸ்ரேல சில சமயம் தெரியாது, 'ஒண்ணும் இல்ல'ன்னு வந்தாலும் வலி போகலைன்னா திரும்பப் போகணும்.

ஐப்பசி மழையில ஷூ நனைஞ்சா மொட்டை மாடி வெயில்ல காயப் போடாதீங்க, பசை விட்டுடும். உள் அட்டையை உருவிட்டு, பழைய 'தினத்தந்தி'யைக் கசக்கி உள்ளே திணிச்சு ஃபேனுக்குக் கீழ வைங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பேப்பரை மாத்துங்க. காலையில ரெடியா இருக்கும். இல்லாட்டி அன்னைக்கு லீவு விடுங்க. ரெஸ்ட் நாளும் ப்ளான்ல இருக்கில்ல!